நூறு நெல்மணியும் ஒரு சீ.ஆர். கொப்பியும்

2018 ஆம் ஆண்டு பாடசாலை தொடங்கிய இரண்டாவது கிழமையில் எங்கள் இளம் விவசாயிகள் கழகத்தின் ஆண்டுக் கூட்டம் நடந்தது. நான் அப்போது உயர்தரத்தில் விவசாய விஞ்ஞானத்தை ஒரு பாடமாகக் கற்றுக்கொண்டிருந்தேன். தலைவர் பதவிக்கு யாராவது ஒருவருடைய பெயரை முன்மொழியுங்கள் என்று ஆசிரியை கேட்டபோது வகுப்பறையில் இருந்த அத்தனை பேரும் தங்கள் நகங்களை ஆராய்ந்துகொண்டிருந்தார்கள். கடைசியில் பின்வாங்கில் இருந்த ஒருவன், தன்னை எவரும் சொல்லிவிடக் கூடாதே என்ற பயத்தில், என்னுடைய பெயரைச் சொன்னான். இன்னொருத்தி அதே பயத்தில் வழிமொழிந்தாள். இப்படித்தான் நான் தலைவியானேன். பதவி என்றால் பரிசளிப்பு விழாவில் மேடையில் இருப்பதும், விவசாயத் திணைக்களத்திலிருந்து யாராவது வந்தால் வரவேற்புரை சொல்வதும்தான் என்று நினைத்துக்கொண்டு, அன்றிரவே ஒரு பேச்சை எழுதத் தொடங்கிவிட்டேன்.

அந்தப் பேச்சை அப்பப்பா முடிக்க விடவில்லை. எங்கள் ஊர் பரந்தனிலிருந்து முல்லைத்தீவுக்குப் போகும் ஏ-35 வீதியை ஒட்டியது. அப்பப்பா 1970களின் தொடக்கத்தில், படித்த வாலிபர் திட்டத்தில் காணி கிடைத்து, யாழ்ப்பாணத்திலிருந்து விசுவமடுவுக்கு வந்தவர். படித்துவிட்டு வேலையின்றி இருந்த இளைஞர்களுக்குக் காட்டுக் காணியைப் பிரித்துக் கொடுத்து, மிளகாயும் வெங்காயமும் செய்யச் சொன்ன திட்டம் அது. வெளிநாட்டு மிளகாய்க்கும் வெங்காயத்துக்கும் இறக்குமதிக் கட்டுப்பாடு இருந்த அந்தச் சில வருடங்களில் செத்தல் மிளகாய் விற்ற காசில் பொடியன்கள் உழவு இயந்திரம் வாங்கியதை அவர் சொல்லுவார். 1977 இல் ஆட்சி மாறி இறக்குமதி திறந்துவிடப்பட்டதும் விலை விழுந்த கதையையும் அதே மூச்சில் சொல்லி முடிப்பார். அந்தத் திட்டத்துக் காலத்தில் தங்கள் சங்கத்தில் பொருளாளராக இருந்தவர் என்பதால், நான் தலைவியான செய்தியைக் கேட்டதும் அவர் வாழ்த்தவில்லை. "முந்தின வருசக் கணக்குக் கொப்பி ஆரிட்ட இருக்கு?" என்று மட்டும் கேட்டார். மறுநாள் போய் விசாரித்தேன். அப்படியொரு கொப்பியே இல்லை. ஆசிரியையின் அலுமாரியில் ஒரு மா தகரத்துக்குள் 1,340 ரூபாயும் உரம் வாங்கிய இரண்டு பற்றுச்சீட்டுகளும் கிடந்தன. அந்தப் பணத்திலிருந்தே தடித்த மட்டை போட்ட ஒரு சீ.ஆர். கொப்பி வாங்கினேன். அதன் முதற்பக்கத்து முதல் வரி, அந்தக் கொப்பியின் விலை.

பதிவில் எங்கள் கழகத்துக்கு 43 அங்கத்தவர்கள் இருந்தார்கள். மண்வெட்டி தூக்கும் நாளில் வருபவர்கள் பதினொரு பேர். பாடசாலைக்குப் பின்னால், கிணற்றுக்கும் வேலிக்கும் இடையில், பன்னிரண்டு பாத்திகள் போட்டிருந்தோம். வெண்டி, கத்தரி, பயற்றை, கீரை என்று அதிக உழைப்புக் கேட்காத பயிர்கள்தான். பயிரைக் காட்டிலும் அதிக தொல்லை கொடுத்தது தண்ணீர் முறை. பாடசாலை நடக்கும் நாட்களில் நீர் ஊற்ற ஆள் கிடைக்கும். சனி, ஞாயிறும் போயா நாளும் வந்தால் எவருக்கும் உடம்பு சரியிருக்காது. நான் ஒரு முறைப் பட்டியல் எழுதி ஒட்டினேன். பட்டியலில் இரண்டாவதாக இருந்தவள் என் உயிர்த்தோழி. அவள் தொடர்ந்து மூன்று சனிக்கிழமைகள் வரவில்லை. மற்றவர்கள் என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள் என்பது எனக்கு மூன்றாவது சனிக்கிழமைதான் விளங்கியது. அன்று அவளுடைய பெயருக்கு நேரே "வரவில்லை" என்று எழுதினேன். அவளும் அடுத்த இரண்டு கிழமைகள் என்னோடு கதைக்கவில்லை. அந்த இரண்டு கிழமைகளும் பாத்திகள் ஒருநாளும் காயவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். மயிலைத்தான் எந்தப் பட்டியலாலும் கட்டுப்படுத்த முடியவில்லை. விடியற்காலையில் வேலிக்கு மேலால் பறந்து வந்து, கீரைப் பாத்தியை வரிசை தப்பாமல் கொத்திவிட்டுப் போய்விடும்.

பார்த்தீனியம் என்ற களையைப் பிடுங்கும் சிரமதானங்களைப் பற்றி அதிகம் எழுத விரும்பவில்லை. வடக்கில் பாடசாலைக்குப் போன எல்லோருக்கும் அது தெரியும். 1987 அளவில் இந்தியப் படையினருக்கு உணவாகக் கொண்டுவரப்பட்ட ஆடுகளோடு விதை வந்தது என்று பெரியவர்கள் சொல்லும் அந்தச் செடி, வவுனியாவிலிருந்து எங்கள் வீதியோரம் வரைக்கும் வெள்ளை வெள்ளையாகப் பூத்து நின்றது. ஒரேயொரு விடயத்தைச் சொல்லலாம். எங்கள் கழகம் பல வருடங்களாக அந்தச் சிரமதானத்தைச் சுற்றாடல் தினத்தில், அதாவது யூன் மாதத்தில், செடி காய்ந்து விதை கொட்டிய பிறகு செய்துகொண்டிருந்தது. ஒரு செடி பல்லாயிரம் விதைகளை உதிர்க்கக்கூடியது. விதை கொட்டிய செடியைப் பிடுங்கி உழவு இயந்திரப் பெட்டியில் ஏற்றி வீதி நீளத்துக்குக் கொண்டுபோனால், நாங்கள் அதை ஒழிக்கவில்லை, விதைத்தோம் என்பதே பொருள். சிரமதானத்தை மழைக்குப் பின், பூ வருவதற்கு முன் மாற்றலாமா என்று கேட்டபோது, அப்போது படம் எடுக்க அதிதிகள் வரமாட்டார்களே என்ற பதில் கிடைத்தது. நாங்கள் இரண்டு முறையும் செய்தோம்: அதிதிகளோடு ஒருமுறை, அதிதிகள் இல்லாமல் ஒருமுறை.

நெல் முளைதிறன் சோதனையைப் பற்றித்தான் நான் எழுத வந்தேன்.

அந்த யோசனையைத் தந்தவர் எங்கள் பிரிவின் விவசாயப் போதனாசிரியர். எங்கள் பக்கத்தில் பெரும்பாலானோர் தங்கள் சொந்த விதைநெல்லையே அடுத்த போகத்துக்கு வைத்துக்கொள்வார்கள். 2016 இன் கடைசியிலும் 2017 இலும் மழை பொய்த்து வயல்கள் கருகியதால் பலரிடம் சொந்த விதை இல்லாமற் போனது. கண்ட இடத்தில் வாங்கிய நெல்லை விதைத்து, அதிலிருந்து மறுபடியும் விதை எடுத்திருந்தார்கள். எது எந்த இனம், எதில் பன்றிநெல் என்ற களைநெல் கலந்திருக்கிறது, எது எத்தனை நாள் பழையது என்று எவருக்கும் நிச்சயமில்லை. நிச்சயமில்லாதவர்கள் செய்வது ஒன்றுதான்: அதிகமாக விதைப்பார்கள். ஏக்கருக்கு இரண்டு புசல், அதாவது ஏறக்குறைய 40 கிலோ, போதும் என்று திணைக்களம் சொல்லும் இடத்தில் நான்கு புசல் வீசுவார்கள். முளைக்காதது போக மிச்சம் வரட்டும் என்பது கணக்கு. உங்கள் விதை நூற்றுக்கு எத்தனை முளைக்கும் என்பதை எங்கள் கழகமே சொல்லிவிட்டால், அந்த இரண்டு புசல் நெல்லை அவர்கள் வீட்டில் சாப்பிடலாம் அல்லவா என்று போதனாசிரியர் கேட்டார். எனக்கு அது பிடித்துப் போயிற்று.

முறை எளிமையானது. விதைநெல் மூட்டையின் மேலிருந்தும் நடுவிலிருந்தும் அடியிலிருந்தும் ஒவ்வொரு பிடி எடுத்துக் கலந்து, அதிலிருந்து நூறு மணிகளை எண்ணி எடுக்க வேண்டும். இந்த எண்ணுவதில்தான் முதற் சிக்கல் இருக்கிறது. கை தானாகவே கொழுத்த மணியைத் தேடிப் போகும், உள்ளே அரிசியில்லாத சாவட்டையை ஒதுக்கும். தரம் எட்டில் படித்த ஒரு பொடியன், கண்ணை மூடிக்கொண்டு எடுத்தால் சரிவரும் என்று கண்டுபிடித்தான். அதன் பிறகு எல்லோரும் கண்ணை மூடித்தான் எடுத்தோம், தூரத்திலிருந்து பார்த்தவர்கள் நாங்கள் ஏதோ பூசை செய்வதாக நினைத்திருப்பார்கள். பிறகு சணல் சாக்குத் துண்டொன்றை நனைத்துப் பிழிந்து, தரையில் விரித்து, பத்துக்குப் பத்தாக மணிகளை அடுக்கி, மேலே இன்னொரு ஈரத் துண்டை மூடி, பாய் சுருட்டுவதுபோலச் சுருட்டி இரண்டு முனைகளையும் வாழைநாரால் கட்டுவோம். ஒவ்வொரு சுருளிலும் உரியவரின் இலக்கத்தை எழுதிய தகரத் துண்டு தொங்கும். காலையும் மாலையும் தண்ணீர் தெளிக்க வேண்டும்; அதற்கும் ஒரு முறைப் பட்டியல் இருந்தது, இம்முறை என் தோழி ஒருநாளும் தவறவில்லை. ஏழாம் நாள் சுருளை அவிழ்த்து, வேரும் தளிரும் விட்டவற்றை எண்ணுவோம். சாக்கின் சணல் இழைகளுக்குள் வெள்ளை வேர்கள் தைத்தது போலப் பின்னியிருக்கும். பிரிக்கும்போது வரும் அந்த ஈர மணம் இப்போதும் எனக்கு ஆவணி மாதத்தின் மணம்தான். 85 க்கு மேல் வந்தால் நல்ல விதை. அதற்குக் குறைந்தால் எவ்வளவு கூட்டி விதைக்க வேண்டும் என்று கணக்குப் பார்த்துச் சொல்லுவோம். 60 க்குக் கீழே போனால், இதை விதைக்க வேண்டாம் என்று சொல்லுவதாகத் தீர்மானித்திருந்தோம். அந்த எல்லையை எங்கிருந்து எடுத்தோம் என்று யாராவது கேட்டிருந்தால் பதில் சொல்லத் தெரியாமல் விழித்திருப்பேன்.

முதற் கிழமை ஐந்து பேர் நெல் தந்தார்கள், எல்லோரும் எங்கள் அங்கத்தவர்களின் பெற்றோர். மூன்றாம் கிழமை ஹோர்லிக்ஸ் போத்தலிலும் ஷொப்பிங் பையிலும், ஒருவர் தலைப்பாகைத் துண்டின் முடிச்சிலுமாக, 31 மாதிரிகள் வந்து சேர்ந்தன. மனிதர்கள் எங்களிடம் நெல்லைக் கொண்டுவந்து கேட்கிறார்கள் என்பது எங்களுக்குத் தலைகால் புரியாத பெருமையைத் தந்தது. சைக்கிளை நிறுத்தி, "தலைவி, என்ர நெல்லு என்ன மாதிரி?" என்று கேட்கும்போது நான் கொப்பியைத் திறந்து இலக்கத்தை வாசிப்பேன். எனக்கு அப்போது பதினெட்டு வயது. என்னைவிட மூன்று மடங்கு வயதுள்ள கமக்காரர் ஒருவர் நான் வாசிக்கும் இலக்கத்துக்காக வாய் பார்த்து நிற்பது எவ்வளவு ஆபத்தான விடயம் என்று அப்போது எனக்குச் சொல்லியிருந்தாலும் கேட்டிருக்க மாட்டேன்.

புரட்டாதி நடுப்பகுதியில் ஓர் ஐயா தன்னுடைய சிவப்பு நெல்லைக் கொண்டுவந்தார். குளத்தின் கீழ் மூன்று ஏக்கர் செய்பவர். அந்த வருடச் சிறுபோகத்தில், அதாவது மழை குறைந்த காலத்துப் போகத்தில், தண்ணீர்ப் பங்கீட்டில் அவருக்குக் கிடைத்த அரை ஏக்கரில், ஆவணிக் கடைசியில் வெட்டிய நெல் அது; ஆறு புசலை நன்றாகத் தூற்றி, கல் பொறுக்கி, விதைக்கென்று தனியாகக் கட்டி வைத்திருந்தார். ஏழாம் நாள் சுருளை அவிழ்த்தபோது 38 மணிகள்தான் முளைத்திருந்தன. பிழை நடந்திருக்கலாம் என்று இன்னொரு நூறு வைத்தோம், 41 வந்தது. நான் கொப்பியில் இரண்டையும் எழுதி, கீழே சிவப்புப் பேனையால் கோடு போட்டேன். அடுத்த நாள் அவருடைய வீட்டுக்கே போய், "ஐயா, இந்த நெல் விதைக்கு உதவாது, பாதிக்கு மேல் செத்த விதை" என்று சொன்னேன். அவர் சற்று நேரம் பேசாமல் மூட்டையைப் பார்த்துக்கொண்டிருந்தார். "உப்பிடி வராதே பிள்ளை, நல்லாக் காய விட்ட நெல்லு" என்றார். கொப்பியைக் காட்டினேன். அச்சுக் கோடு போட்ட தாளில், திகதியோடு, சிவப்புக் கோட்டோடு, இரண்டு முறை எண்ணிய கணக்கு. அதற்கு மேல் அவரால் என்ன சொல்ல முடியும்? அந்தக் கிழமையே அவர் அந்த ஆறு புசலையும் ஆலைக்காரனுக்குச் சாப்பாட்டு நெல் விலைக்குக் கொடுத்துவிட்டு, ஏறக்குறைய இரட்டை விலைக்கு வெளியில் விதைநெல் வாங்கினார். அதற்காக ஒரு கடனும் பட்டார் என்பதைப் பிறகுதான் அறிந்தேன்.

கார்த்திகை மாதம், மழை தொடங்கி எல்லா வயலும் பச்சையாகிவிட்ட பின், தரம் ஒன்பது பிள்ளைகளுக்கு முளைதிறன் சோதனையைப் பாடமாகச் செய்துகாட்ட வேண்டியிருந்தது. நல்ல விதைக்கு ஒன்றும் செத்த விதைக்கு ஒன்றுமாக இரண்டு மாதிரிகளை எடுத்தேன். செத்த விதைக்கு அந்த ஐயாவின் போத்தலில் மிஞ்சியிருந்த நெல். ஏழாம் நாள் பிள்ளைகளின் முன்னால் சுருளைப் பிரித்தேன். சாக்கு முழுவதும் வேர் பின்னியிருந்தது. ஒரு பிள்ளை எண்ணி, "அக்கா, தொண்ணூற்று மூண்டு" என்றாள். இலக்கத் தகரத்தை மாற்றிக் கட்டிவிட்டேன் என்றுதான் முதலில் நினைத்தேன். மாறவில்லை.

போதனாசிரியர் வந்து பார்த்துவிட்டு, சலிப்போ கோபமோ இல்லாமல், பாடம் எடுப்பது போலவே விளக்கினார். புதிதாக வெட்டிய நெல்லுக்கு உறங்குநிலை உண்டு. கதிரிலேயே மழை நனைத்து முளைத்துவிடாதபடி இயற்கை வைத்த பூட்டு அது. இனத்துக்கு இனம் அது நீடிக்கும் காலம் வேறுபடும், பொதுவாகச் சிவப்பு நெல்லில் கூடுதலாக இருக்கும். ஆவணிக் கடைசியில் வெட்டிய நெல்லை மூன்று கிழமைக்குள் சோதித்தால் அது முளைக்காமல் இருப்பது வியப்பல்ல. "முளைக்காத மணியை விரலால் அமத்திப் பார்த்தனீங்களோ?" என்று கேட்டார். செத்த விதை ஈரத்தில் ஒரு கிழமை கிடந்தால் இளகிப் பூஞ்சணம் பிடிக்கும், அமத்தினால் கஞ்சி போல நசியும். உறங்கும் விதை கெட்டியாக, சுத்தமாக, வைத்தது வைத்தபடி கிடக்கும். நான் ஒரு மணியைக்கூட அமத்திப் பார்த்திருக்கவில்லை. ஆனால், அந்த முளைக்காத அறுபதும் சாக்கில் எவ்வளவு துப்புரவாகக் கிடந்தன என்பது அவர் கேட்ட அந்த நொடியில் என் கண்ணுக்கு முன்னால் வந்தது. பூஞ்சணமே இல்லாத அந்தச் சுருளைக் கண்டு, எங்கள் பராமரிப்பு நல்லது என்று நான் பெருமைப்பட்டதும் நினைவு வந்தது.

நிருவாகக் குழுவைக் கூட்டினேன். ஏழு பேரில் நான்கு பேர், இனிச் சொல்லி என்ன பயன், அவருடைய வயல்தான் வாங்கிய விதையில் நன்றாக வந்திருக்கிறதே என்றார்கள். ஒருவன், கழகத்தின் பெயர் கெட்டுவிடும், அடுத்த வருடம் எவரும் நெல் தரமாட்டார்கள் என்றான். அவன் சொன்னதில் உண்மை இருந்தது என்பதால்தான் எனக்குக் கோபம் வந்தது. வாக்கெடுப்பு வைத்திருந்தால் தோற்றிருப்பேன். ஆகவே வாக்கெடுப்பு வைக்காமல், நான் போகிறேன், விரும்பியவர்கள் வரலாம் என்றேன். ஒரு தலைவி அப்படிச் செய்யலாமா என்று இன்றுவரை எனக்குத் தெளிவில்லை. தோழி மட்டும் சைக்கிளை எடுத்துக்கொண்டு வந்தாள்.

ஐயா வரம்பில் நின்று புல் பிடுங்கிக்கொண்டிருந்தார். நான் நடந்ததைச் சொன்னேன். கொப்பியையும் 93 என்ற புதிய வரியையும் காட்டினேன். அவர் கோபப்படுவார் என்று எதிர்பார்த்துத்தான் போயிருந்தேன். அவரோ ஒரு கேள்வி கேட்டார். "அப்ப, நான் உதை ஐப்பசியில விதைச்சிருந்தால் முளைச்சிருக்குமோ?" ஐப்பசியில் அந்த நெல்லுக்கு வயது ஆறு, ஏழு கிழமை. ஒருவேளை முளைத்திருக்கும், ஒருவேளை பாதிதான் வந்திருக்கும். "தெரியாது ஐயா" என்றேன். அந்தப் பருவம் முழுவதும் எவருக்கும் நான் சொல்லாத பதில் அது. கழகத்தில் அப்போது 4,000 ரூபாய் அளவில் இருந்தது. அதைத் தருகிறோம் என்றேன். "காசை நீங்களே வச்சிருங்கோ. கூட்டத்தில வந்து சொல்லு. எனக்கு மட்டுமே உப்பிடி நடந்தது?" என்றார்.

அந்தக் கேள்வி எனக்கு உறைத்தது. வீட்டுக்கு வந்து கொப்பியைப் புரட்டினேன். 60 க்குக் கீழே வந்த மாதிரிகள் அவருடையதோடு சேர்த்து ஐந்து இருந்தன; அவற்றில் மூன்று, சிறுபோகத்தில் வெட்டிய புதுநெல்லாக இருக்கலாம். இருக்கலாம் என்றுதான் சொல்ல முடிந்தது, ஏனென்றால் வெட்டிய திகதியைக் கேட்டு எழுதும் நிரலே என் கொப்பியில் இல்லை. அடுத்த கமக்கார அமைப்புக் கூட்டம் பொதுநோக்கு மண்டபத்தில், ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலையில் நடந்தது. வாய்க்கால் துப்புரவு, காவல் கூலி, மாடு கட்டாமல் விட்டவருக்குத் தண்டம் ஆகிய விடயங்களுக்குப் பிறகு எனக்கு ஐந்து நிமிடம் தந்தார்கள். தை மாதத்தில் எழுதத் தொடங்கிய வரவேற்புரையில் இருந்த எந்தச் சொல்லும் அன்றைக்கு உதவவில்லை. நாங்கள் செய்த சோதனை இது, விட்ட பிழை இது, இன்ன இன்ன இலக்கக்காரர்களுக்குத் தவறான முடிவைச் சொல்லியிருக்கக்கூடும் என்று வாசித்தேன். மண்டபம் அமைதியாக இருக்கவில்லை. பின்னாலிருந்து ஒருவர், பள்ளிக்கூடப் பிள்ளையளின்ர கதையைக் கேட்டு நெல்லை வித்தவையைச் சொல்லவேணும் என்றார், சிலர் சிரித்தார்கள். இன்னொருவர் தன் இலக்கம் அதில் இருக்கிறதா என்று இரண்டு முறை கேட்டார். ஐயா முன் வரிசையில் இருந்தார். எனக்காகவும் பேசவில்லை, எனக்கு எதிராகவும் பேசவில்லை.

அதற்குப் பிறகு மார்கழி வந்தது. 2018 டிசம்பர் 21, 22 ஆம் திகதிகளில் கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் கொட்டிய மழையை இந்தப் பக்கத்தில் எவரும் மறக்கமாட்டார்கள். இரணைமடுவின் வான்கதவுகள் திறக்கப்பட்டன. சிறிய குளங்கள் எல்லாம் வான் பாய்ந்தன. எங்கள் பாடசாலை இடம்பெயர்ந்தோர் தங்கும் இடமானது. எங்கள் பன்னிரண்டு பாத்திகளுக்கு மேலால் முழங்கால் அளவு தண்ணீர் ஓடியது. ஐயாவின் மூன்று ஏக்கரில் பள்ளக் காணியான இரண்டு ஏக்கர் நாட்கணக்கில் மூழ்கிக் கிடந்து அழுகிப் போனது. கடன் பட்டு வாங்கிய விதை, எங்கள் சொல்லைக் கேட்டு வாங்கிய விதை. வெள்ளம் எந்த விதையையும் பார்த்து வருவதில்லை, அவருடைய சொந்த நெல்லை விதைத்திருந்தாலும் அதுவும் அழுகித்தான் இருக்கும் என்று எனக்குத் தெரியும். அந்தக் கடன் மட்டும் எங்கள் கணக்கில் நிற்கிறது என்பதும் தெரியும். தை பிறந்ததும் கழகப் பிள்ளைகள் வீடு வீடாகப் போய், எழுத்து வாசிக்கச் சிரமப்படுபவர்களுக்குப் பயிரழிவு விண்ணப்பங்களை நிரப்பிக் கொடுத்தார்கள். அவருடைய விண்ணப்பத்தை நான் நிரப்பினேன். ஏக்கர் அளவை அவர் இரண்டு என்றார், நான் இரண்டு என்றே எழுதினேன். பக்கத்து வீட்டில் இரண்டரையை நான்காக எழுதச் சொல்லிக் கேட்டுச் சண்டை பிடித்தார்கள்.

2019 ஆவணியில் உயர்தரப் பரீட்சை. அதற்கு முன்பே அடுத்த தலைவரிடம் கொப்பியை ஒப்படைத்தேன். அதில் புதிதாக நான்கு நிரல்கள் போட்டிருந்தேன்: இனம், வெட்டிய திகதி, பதினாலாம் நாள் எண்ணிக்கை, முளைக்காதவை கெட்டியா இளக்கமா. அந்த வருடம் வந்த மாதிரிகள் ஒன்பது மட்டுமே. குழுவில் ஒருவன் எச்சரித்தபடியேதான் ஆயிற்று.

2021 இல் நான் கிளிநொச்சி அறிவியல் நகரில் உள்ள யாழ்ப்பாணப் பல்கலைக்கழக விவசாய பீடத்துக்குத் தெரிவாகி, பெருந்தொற்றால் வீட்டில் இருந்தபடியே விரிவுரைகளைக் கைபேசியில் கேட்டுக்கொண்டிருந்தேன். மே மாதம் அரசாங்கம் இரசாயன உர இறக்குமதியை வர்த்தமானி மூலம் தடை செய்தது. கார்த்திகைக் கடைசியில் அதை விலக்கிக்கொண்டபோது எங்கள் பக்கத்தில் விதைப்பு முடிந்து பயிர் மஞ்சளித்துக் கிடந்தது. இடைப்பட்ட ஐப்பசியில், முடக்கம் தளர்ந்த சமயம், ஐயாவின் வீட்டுப் படலையைக் கடக்கும்போது அவர் கூப்பிட்டார். திண்ணையில் ஒரு சணல் சாக்குச் சுருள், இரண்டு முனையும் கட்டியபடி, ஈரமாகக் கிடந்தது. நான் அதைப் பார்த்ததை அவரும் பார்த்தார். இருவரும் அதைப்பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

உங்கட கழகம் கூட்டெரு செய்யுதாம், மூன்று ஏக்கருக்கு அது காணுமோ என்று கேட்டார். கழகத்தின் குவியல் ஒரு முறைக்கு முந்நூறு கிலோ அளவில் தரும். நான் ஒரு தாளில் எழுதிக் காட்டினேன்: ஏக்கருக்கு ஏறக்குறைய 90 கிலோ யூரியா போட்டுப் பழகிய வயல், யூரியாவில் 46 வீதம் நைதரசன், ஆகவே 41 கிலோ, நல்ல கூட்டெருவில் ஒன்று, ஒன்றரை வீதம்தான் நைதரசன் என்றால், அதே 41 கிலோவுக்கு மூன்று தொடக்கம் நான்கு தொன் வேண்டும், ஒரு ஏக்கருக்கு மட்டும். அவர் தாளை வாங்கி, கண்ணாடியை மேலே தூக்கி, வரி வரியாகப் பார்த்தார்.

"இது ஏழு நாளில எண்ணின கணக்கோ பிள்ளை, பதினாலு நாள் வச்ச கணக்கோ?"

எனக்குச் சிரிப்பு வந்தது, பிறகு முகம் சூடானது. கூட்டெருவில் இருக்கும் நைதரசன் முழுவதும் ஒரே போகத்தில் பயிருக்குக் கிடைத்துவிடாது. மெல்ல மெல்லத்தான் விடுபடும். அதை நான் தாளில் எழுதியிருக்கவில்லை. "ஏழு நாள் கணக்குத்தான் ஐயா, உண்மையில இதைவிடக் கூடத்தான் வேணும்" என்றேன். அவர் தாளை மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு, எழும்பிப் போய், செம்பில் தண்ணீர் எடுத்துவந்து சுருளின் மேல் தெளித்தார்.